டைமிங் பெல்ட் மாற்றினேன், குறிகள் பொருந்துகின்றன, எஞ்சின் மட்டும் நடுங்குகிறது

ஞாயிறு மெக்கானிக்:
வணக்கம். நான்கு சிலிண்டர், ஒற்றை கேம் பெட்ரோல் எஞ்சின். நேற்று வீட்டிலேயே டைமிங் பெல்ட்டை, அதாவது பிஸ்டன்களோடு சுழலும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் பல் பெல்ட்டை, மாற்றினேன். கிராங்க் நுனியில் உள்ள புல்லியின் குறியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பார்த்தபோது, கேம் குறி ஒரு பல் தள்ளி நின்றது. பழைய பெல்ட் நழுவியிருக்கும் என்று நினைத்து, அதைச் சரிசெய்துதான் புதியதைப் பூட்டினேன். இப்போது எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் நின்ற இடத்தில் நடுங்குகிறது, மிதித்தால் இழுவையே இல்லை. எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. ஸ்கேனரில் பி0016 என்ற கோளாறு எண். தட்டும் சத்தம் ஏதுமில்லை. எங்கே தவறினேன்?

கிரீஸ் கை:
பி0016 என்றால் கேம், கிராங்க் சென்சார்கள் ஒத்துப்போகவில்லை என்று பொருள். கேம் சென்சாரை மாற்றிப் பாருங்கள்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
சென்சாருக்குச் செலவழிக்க வேண்டாம். பெல்ட்டில் கை வைத்த மறுநாளே வந்த கோளாறுக்குச் சென்சாரைக் குறைசொல்வது சரியல்ல. தம்பி, ஒரே ஒரு கேள்வி: நேற்றுவரை வண்டி ஒழுங்காக ஓடியதா?

ஞாயிறு மெக்கானிக்:
ஒரு குறையும் இல்லாமல் ஓடியது, ஐயா. ஆண்டுக்கணக்கு முடிந்துவிட்டது என்பதால்தான் மாற்றினேன்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
அப்படியானால் நழுவியது பெல்ட் அல்ல, நீங்கள் நம்பிய குறி. அந்தப் புல்லி ஒரே துண்டு இல்லை. நடுவில் ஒரு குடம், வெளியே ஒரு வளையம், இரண்டுக்கும் இடையே ரப்பர். ரப்பர் பழசாகி விட்டுவிட்டால் வெளிவளையம் மெல்லச் சுழன்றுவிடும். குறியும் அதோடு போய்விடும். எஞ்சினை இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒரு பல்லுக்குப் பெரும்பாலும் வால்வு பிஸ்டனில் இடிக்காது, ஆனாலும் சோதித்துப் பார்க்க வேண்டாமே.

புல்லியையும் கீழ் மூடியையும் கழற்றுங்கள். உள்ளே கிராங்க் பல்சக்கரத்தில் ஒரு சிறு பள்ளமோ புள்ளியோ இருக்கும், அதற்கு நேரே ஆயில் பம்ப் உறையில் இன்னொன்று. அதுதான் உண்மையான குறி. முதல் சிலிண்டரின் பிளக் துளையில் நீண்ட குச்சி விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வந்துவிட்டதா என்றும் பார்க்கலாம். ஆனால் உச்சிக்கு அருகே கிராங்க் சில டிகிரி திரும்பினாலும் குச்சி அசையவே அசையாது. அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஞாயிறு மெக்கானிக்:
கழற்றிவிட்டேன். கேம் குறி நேராக இருக்கும்போது கிராங்க் பல்சக்கரம் சரியாக ஒரு பல் விலகி நிற்கிறது! கிராங்கில் 20 பற்கள், கேமில் 40.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
அப்போது கிராங்கில் 18 டிகிரி பிழை. நடுங்காமல் என்ன செய்யும்?

பெல்ட்டை விறைப்பாக வைக்கும் டென்ஷனரைத் தளர்த்தி இரண்டு குறிகளையும் பொருத்துங்கள். பெல்ட்டைக் கிராங்கில் தொடங்கி, டென்ஷனர் இல்லாத பக்கம் விறைப்பாக மேலே கொண்டுபோய்க் கேமில் ஏற்றி, கடைசியில் டென்ஷனர் வழியாக இறக்குங்கள். தொய்வு முழுவதும் டென்ஷனர் பக்கமே இருக்க வேண்டும். மறுபக்கம் கொஞ்சம் தொய்வு தங்கினாலும், டென்ஷனர் இழுத்தவுடன் கேம் ஒரு பல் ஓடிவிடும். பிறகு பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, எஞ்சின் சுழலும் திசையிலேயே கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது கெட்டியாக முட்டினால் நிறுத்துங்கள், ஸ்பேனரில் நீளக் கம்பி மாட்டி அழுத்தாதீர்கள்.

ஞாயிறு மெக்கானிக்:
சுற்றினேன். பல்சக்கரக் குறிகள் இரண்டும் நேராக இருக்கின்றன, ஆனால் பெல்ட்டின் மேல் அச்சிட்ட வெள்ளைக் கோடுகள் எங்கோ போய்விட்டன. மறுபடியும் தவறா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
பெல்ட்டில் எத்தனை பற்கள்?

ஞாயிறு மெக்கானிக்:
101.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
இரண்டு சுற்றில் பெல்ட் 40 பற்கள்தான் நகரும். 101-ஐ 40 மீதியில்லாமல் வகுக்காது. கோடுகள் கிராங்க், கேம் குறிகள் இரண்டோடும் மறுபடி பொருந்த கிராங்க் 202 சுற்று சுற்ற வேண்டும். அவை பூட்டும்போது உதவுவதற்கு மட்டுமே. மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கிரீஸ் கை:
சென்சார் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஞாயிறு மெக்கானிக்:
ஸ்டார்ட் செய்தேன், நடுக்கம் போய்விட்டது. ஸ்கேனரில் பி0016-ஐ அழித்தேன், திரும்ப வரவில்லை. கழற்றிய புல்லியின் வெளிவளையத்தைப் பிடித்து ஆட்டினால் கையோடு அசைகிறது, ரப்பர் தூளாக உதிர்கிறது. இதையே பூட்டிச் சில நாள் ஓட்டலாமா?

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:
கூடாது. வளையம் கழன்றால் அதன் மேல் ஓடும் ஆல்டர்னேட்டர் பெல்ட்டையும் இழுத்துக்கொண்டு போகும். புதுப் புல்லி வரும்வரை வண்டி நிற்கட்டும்.