மறதிநோய் உள்ள அம்மாவுக்கு வீடியோவில் வைத்தியம்: காணுமா, காணாதா?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்கு 81 வயது. 2021இல் அல்சைமர் என்று சொன்னார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டொக்டரைச் சனல் பண்ணிக் காட்டுகிறோம். போன முறை எங்கள் இலக்கம் 27. காலி வீதி நெரிசலில் ஒரு மணித்தியாலம், அங்கே போய் இரண்டரை மணித்தியாலம் இருந்தோம். டொக்டர் பார்த்தது ஏழு நிமிடம். வீட்டுக்கு வந்த பிறகு மூன்று இரவு அம்மா தூங்கவில்லை. "என்னை வீட்ட கூட்டிக்கொண்டு போ" என்று எங்கள் வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருந்தார். இனி வீடியோவில்தான் காட்டுவது என்று நினைக்கிறேன். அண்ணா கூடவே கூடாது என்கிறார்.

கொட்டாஞ்சேனை தாதி:
உங்கள் கஷ்டம் விளங்குகிறது தங்கச்சி. ஆனால் நான் அண்ணாவின் பக்கம். அம்மா மறதிநோய்க்குக் கொடுக்கிற டொனெபெசில் எடுக்கிறாரா? அது இதயத் துடிப்பைக் குறைக்கக்கூடிய மருந்து. நாடி பார்க்க வேண்டும், நிறை பார்க்க வேண்டும். கையைப் பிடித்து மடக்கிப் பார்த்தால்தான் தசை இறுக்கம் தெரியும். எங்கள் வார்டுக்கு ஒரு ஐயாவைக் கொண்டுவந்தார்கள். "மறதி திடீரென்று கூடிவிட்டது" என்று போனில் சொல்லி, மருந்தைக் கூட்டியிருந்தார்கள். பார்த்தால் சிறுநீர்த் தொற்று! மறதிநோய் மெதுவாகத்தான் முற்றும். ஒன்றிரண்டு நாளில் ஒருவர் குழம்பிப்போனால் உடம்பில் வேறு ஏதோ நடக்கிறது. அந்த நேரம் வீடியோவுக்குக் காத்திருக்காமல் 1990க்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

வெள்ளவத்தை மகள்:
அக்கா, அவசரத்துக்கு வீடியோ என்று நான் சொல்லவில்லை. நாடி, பிரஷர், நிறை மூன்றையும் வீட்டிலேயே பார்க்கலாம், மெசின் இருக்கிறது. 2022இல் பெற்றோல் இல்லாமல் ஓட்டோ கிடைக்காத மாதங்களில் டொக்டர் வட்ஸ்அப்பில்தான் பார்த்தார். அதில் நடந்ததைச் சொல்கிறேன். போனைக் குசினிக்குக் கொண்டுபோகச் சொன்னார். காஸ் அடுப்பைக் காட்டினேன். அப்புறம் மருந்து எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டார். அலுமாரிக்கு மேலே இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தால், ஒரே பிரஷர் மருந்து இரண்டு கம்பனிப் பெயரில்! அம்மா இரண்டையும் போட்டிருக்கிறார். அவர் தலை சுற்றுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தது அதனால்தான். கிளினிக்குக்கு நாங்கள் கொண்டுபோனது மருந்துச் சிட்டையை மட்டும். டின்னை யார் கொண்டுபோவார்கள்?

தெஹிவளைக்காரன்:
அதே 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததையும் மறக்கக்கூடாது. ஆனால் என் பிரச்சினை கரண்ட் அல்ல. அப்பாவுக்குக் காது மந்தம். போனில் குரல் வந்தால் அறைக்குள் யார் கதைக்கிறார்கள் என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார். டொக்டர் கேட்பார், நான் பதில் சொல்வேன், அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார். ஞாபகசக்திச் சோதனையும் வீடியோவில்தான் நடந்தது. டொக்டர் ஆங்கிலத்தில் கேட்க நான் தமிழில் சொன்னேன். இன்று என்ன கிழமை என்று கேட்டபோது அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் "புதன்" என்று வாயசைத்துவிட்டேன். 30க்கு 23 வந்தது. அந்த 23 யாருடையது? அப்பா 30 வருடம் தமிழ் படிப்பித்தவர். அவரிடம் தமிழில், முகத்துக்கு முன்னால் இருந்து கேட்க வேண்டும்.

கொட்டாஞ்சேனை தாதி:
தம்பி சொல்வதுதான் பெரிய விஷயம். பெற்ற பிள்ளை பக்கத்தில் இருந்தால் உதவாமல் இருக்க மனம் வராது. முதல் தடவை நோயைக் கண்டுபிடிப்பது கட்டாயம் நேரில்தான். தைரொய்ட், பி12 குறைபாடு என்று திருத்தக்கூடிய காரணங்களுக்கு இரத்தமும் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த டின் கதையை வாசித்த பிறகு, இடையில் ஒரு தடவை வீடியோவில் பார்ப்பதற்கு நான் தடை சொல்ல மாட்டேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது நேரில் காட்டுங்கள். காலை முதல் இலக்கமாகப் பார்த்து எடுங்கள்.

தெஹிவளைக்காரன்:
எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. நீங்கள், அண்ணா, டொக்டர் எல்லாரும் முடிவெடுக்கிறீர்கள். அம்மாவிடம் கேட்டீர்களா?

வெள்ளவத்தை மகள்:
கேட்கவில்லை. உங்கள் கேள்வியை வாசித்ததும் போய்க் கேட்டேன். "டொக்டர் வீட்டுக்கே வந்து கதைக்கிற மாதிரி போனில வரட்டுமா அம்மா?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வரட்டும். தேத்தண்ணி போட வேணும், சீனி இருக்கோ பார்" என்றார்.