தேங்கிய மழைத் தண்ணீரில் கோபுரம் தெரிகிறது, படத்தில் மட்டும் வரவில்லை

மயிலைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். நேற்று மழை விட்டதும் கபாலீஸ்வரர் கோயில் பக்கம் போனேன், கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே தெருவில் பாய் விரித்த அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருந்தது. நின்றபடியே மொபைலில் பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். எல்லாவற்றிலும் தண்ணீரில் மிதந்த வேப்பிலை பளிச்சென்று இருக்கிறது, கோபுரம் பாதியில் அறுந்து, மங்கலாக, மேலே போகப் போக இருட்டாக. லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற, பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடி வாங்கினால் சரியாகுமா? அம்மாவுக்கு முட்டிவலி, கோயிலுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. கார்த்திகை முடிவதற்குள் ஒரு நல்ல படம் எடுத்துப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கொடுக்க வேண்டும்.

கரிசல்:
முதலில் ஃபோகஸ். பிம்பம் தண்ணீரின் மேல்பரப்பில் இல்லை. கோபுரம் 200 அடி தள்ளி இருந்தால் பிம்பமும் கிட்டத்தட்ட 200 அடி தள்ளி இருப்பதாகத்தான் லென்ஸுக்குக் கணக்கு. உங்கள் மொபைல் பக்கத்தில் கிடந்த இலையைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். திரையில் கோபுரத்தின் பிம்பத்தைத் தொட்டு அப்படியே அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸ் அங்கேயே நின்றுவிடும்.

அப்புறம், உட்காருங்கள். மொபைலைத் தலைகீழாகத் திருப்பி, லென்ஸ் தண்ணீருக்கு இரண்டு விரற்கடை மேலே இருக்கிற மாதிரி பிடியுங்கள். நின்று பார்க்கும்போது அந்தப் பாய் அளவுத் தண்ணீர் ஒரு சின்ன ஜன்னல், அதில் கோபுரத்தின் ஒரு துண்டுதான் தெரியும். கீழே இறங்க இறங்க ஜன்னலோடு முகத்தை ஒட்டிவைத்துப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். உள்ளங்கை அகலத் தண்ணீரிலேயே அடி முதல் கலசம் வரை எடுத்திருக்கிறேன்.

சாரல்78:
போலரைசர் இப்போது வேண்டாம், காரணம் சொல்கிறேன். கோபுரம் சுமார் 120 அடி உயரம். நீங்கள் 160 அடி தூரத்தில் இருந்தால் கலசத்திலிருந்து வரும் ஒளி தண்ணீரில் படுகிற கோணம் செங்குத்திலிருந்து 53 டிகிரி. அந்தக் கோணத்தில் தண்ணீர் திருப்பி அனுப்புகிற ஒளி முழுக்க ஒரே திசையில் அதிர்கிறது, போலரைசரை ஒரு பக்கம் திருப்பினால் கலசமே காணாமல் போகும்.

மேல்பகுதி இருட்டாக வந்ததற்கும் கோணம்தான் காரணம். அங்கே 100-க்கு 4 பங்கு ஒளிதான் திரும்பி வரும். கோபுரத்தின் அடிப்பகுதியோ தண்ணீரை ஒட்டிச் சாய்ந்து வருவதால் நிறையவே வரும். அதனால் இன்னும் பின்னால் தள்ளி வேறு தேக்கம் இருக்கிறதா பாருங்கள். சேறு கலங்கியது வேண்டாம், கறுத்த தார் ரோட்டில் தெளிந்து நிற்கிற தண்ணீர்தான் கண்ணாடி. வெளிச்சத்தைப் பிம்பத்துக்குத் தகுந்த மாதிரி ஏற்றுங்கள், வானம் கொஞ்சம் வெளுத்துப் போனால் போகட்டும்.

பின்மாலை:
நேரத்தை யாரும் சொல்லவில்லையே. மழை விட்டுப் பொழுது சாய்ந்து விளக்கு போடுகிற அந்த இருபது நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள். வானம் நீலமாக இருக்கும், கோபுர விளக்கும் எரியும். ஒரு பைக் போனால் தண்ணீர் அடங்க நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே பிரெசோன் 1932-ல் பாரிஸில் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தில், தண்ணீரைத் தாண்டுகிறவரின் குதிகால் இன்னும் தண்ணீரைத் தொடவில்லை. தொட்டிருந்தால் கீழே இருக்கிற பிம்பம் கலைந்திருக்கும்.

காலில் புண் இருந்தால் அந்தத் தண்ணீரில் முட்டி போடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரும். பக்கத்தில் மின்பெட்டி இருக்கிற தேக்கத்துக்குக் கிட்டவே போகாதீர்கள்.

மயிலைவாசி:
ரொம்ப நன்றி. இன்று ஆறு மணிக்குப் போய், நன்றாகத் தள்ளி, ஒரு பூக்கடை ஓரமாகத் தட்டு அளவுத் தண்ணீரில் எடுத்தேன். சுதைச் சிற்பங்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் போல வந்திருக்கிறது. மூன்றாவது நிலைக்கு நேராக ஒற்றை மல்லிகைப்பூ மங்கலாக மிதக்கிறது, அதை எடுத்துப் போட மனம் வரவில்லை. பிரிண்ட் போடும்போது நேராகத் திருப்பலாமா, அப்படியே தலைகீழாக விடலாமா?

கரிசல்:
அப்படியே விடுங்கள். அம்மா அதைத் தண்ணீரில் பார்க்கட்டும்.