நிரப்பிணையும் எதிர்ப்போக்கும்: டி.என்.ஏ. இழைகளுக்கு இரண்டு சொற்கள்

அன்பர்களுக்கு வணக்கம்.

டி.என்.ஏ.யின் அமைப்பைத் தமிழில் எழுதும்போது ‘இணை’ என்ற ஒரே சொல்லின் மேல் அளவுக்கு மீறிய சுமை ஏறிவிடுகிறது. டி.என்.ஏ.யின் காரங்கள் நான்கு: அடினின், தைமின், குவானின், சைட்டோசின். இவற்றில் அடினினும் தைமினும் சேர்ந்தால் அது ஓர் இணை. அவற்றைத் தாங்கும் இழைகள் இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் ‘எதிரிணை’. முன்னது சோடியைக் குறிக்கிறது, பின்னது இணைகோட்டிலிருந்து வருகிறது. இரண்டும் ஒரே பத்தியில் வந்தால் மாணவர் எதைப் பிடித்துக்கொள்வார்? இந்தத் துறையில் இணை என்பதைச் சோடிக்கு மட்டும் ஒதுக்கிவிடலாம் என்பது என் கருத்து.

முதலில் சோடி. காரங்கள் சேர்வதை ‘ஒத்த இணை’ என்று எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒத்தது ஒத்ததோடு சேரும் என்ற எண்ணம், டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கிரிக்குடன் சேர்ந்து கண்டறிந்த வாட்சனுக்கே முதலில் இருந்தது. அடினினுக்கு எதிரே அடினினை வைத்துத்தான் அவர் வரைந்து பார்த்தார். குவானினுக்கும் தைமினுக்கும் அக்காலப் பாடநூல்கள் தந்த வடிவங்களில் ஹைட்ரஜன் அணுக்கள் இடம் மாறி இருக்கின்றன என்று வேதியியலாளர் ஜெர்ரி டோனஹியூ எடுத்துச் சொன்ன பிறகே, 1953 பிப்ரவரி இறுதியில், கேம்பிரிட்ஜில் அட்டையில் வெட்டிய வடிவங்களை நகர்த்திப் பார்த்த வாட்சனுக்கு அடினின்–தைமின் சோடியும் குவானின்–சைட்டோசின் சோடியும் ஒரே உருவளவில் அமைவது தெரிந்தது. இரட்டை வளையமுள்ள பியூரினுக்கு (அடினின், குவானின்) எதிரே ஒற்றை வளையமுள்ள பிரிமிடின் (தைமின், சைட்டோசின்) வருவதால், சர்க்கரையில் காரம் ஒட்டியிருக்கும் கார்பனிலிருந்து எதிர்ச்சர்க்கரையின் அதே கார்பன் வரையிலான தொலைவு இரு வகைச் சோடிகளிலும் ஏறத்தாழ 1.08 நானோமீட்டராகவே இருக்கிறது. அகலம் மட்டும் போதாது. ஒன்றில் ஹைட்ரஜனைத் தரும் இடத்துக்கு நேரே மற்றதில் அதை ஏற்கும் இடம் இருந்தாக வேண்டும். அடினின்–தைமினுக்கு 2 ஹைட்ரஜன் பிணைப்புகள், குவானின்–சைட்டோசினுக்கு 3. (அந்த மூன்றாவது பிணைப்பு வாட்சனும் கிரிக்கும் தந்த 1953ஆம் ஆண்டு மாதிரியில் இல்லை, 1956இல் வேதியியலாளர்கள் பாலிங்கும் கோரியும் அதைக் காட்டினார்கள்.)

ஆக, ஒன்றில் இல்லாததை மற்றது நிறைத்துக் கொடுப்பதால்தான் சோடி அமைகிறது. இதற்குக் கணிதம் ஏற்கெனவே ஒரு சொல்லை வைத்திருக்கிறது: 90 பாகைக்கு ஒன்றையொன்று நிறைக்கும் கோணங்களை நிரப்புக் கோணங்கள் என்கிறோம். அதைக் கொண்டு ‘நிரப்பிணை’ என்று முன்மொழிகிறேன். காரம் என்ற சொல் இதற்குள் வரவில்லை என்பதையும் ஒரு நன்மையாகவே கருதுகிறேன். தமிழ்நாட்டில் காரம் எனப்படுவதை இலங்கைப் பாடநூல்கள் மூலம் என்கின்றன. அங்கே காரம் என்பது நீரில் கரையும் மூலத்துக்கு உரிய பெயர். நிரப்பிணை என்றால் அந்த வழக்கு எழாது.

ஒரு தடை உண்டு. காதால் கேட்பவருக்கு நிரப்பிணையில் ‘பிணை’ ஒலிக்கும். அருகிலேயே ஹைட்ரஜன் பிணைப்பும் வருவதால் குழப்பம் நேரலாம். பள்ளிநூலில் ‘நிரப்பு இணை’ என்று பிரித்து அச்சிட்டால் போதும் என நினைக்கிறேன். ஆனால் எதிர் இழைக்கு அதே விதியைப் பின்பற்றி ‘நிரப்பிழை’ என்று புணர்த்திவிடக் கூடாது. பிழையே இல்லாமல் டி.என்.ஏ.யைப் படியெடுக்க உதவும் இழைக்குப் பிழை என்று பெயர் சூட்டியவர்கள் ஆவோம். அதை எப்போதும் ‘நிரப்பு இழை’ என்றே எழுதலாம்.

அடுத்து ‘எதிரிணை’. இங்கே சொல்ல வேண்டியது இழைகளுக்கிடையே உள்ள இடைவெளியைப் பற்றியன்று, திசையைப் பற்றியது. ஒவ்வோர் இழையிலும் பாஸ்பேட் ஒரு சர்க்கரையின் 3ஆம் கார்பனை அடுத்த சர்க்கரையின் 5ஆம் கார்பனோடு சேர்ப்பதால் இழைக்கு 5′ முனை, 3′ முனை என்று இரு வேறு முனைகள் அமைகின்றன. ஓர் இழை 5′இலிருந்து 3′ நோக்கி மேலேறினால் மற்றது அதே வரிசையில் கீழிறங்குகிறது. எனவே ‘எதிர்ப்போக்கு இழைகள்’ என்பது என் பரிந்துரை. டி.என்.ஏ. தன்னைப் போலவே இன்னொன்றை உருவாக்கும் படியெடுப்பை விளக்கும்போது இதன் பயன் கூடுகிறது. பாலிமரேஸ் நொதி புதிய இழையை 3′ முனையில் மட்டுமே நீட்டும். வார்ப்பாக நிற்கும் பழைய இழைகள் எதிர்ப்போக்குடையவை என்பதால்தான் புதிய இழைகளில் ஒன்று தொடர்ச்சியாகவும் மற்றது ஒகசாகி துண்டுகள் எனப்படும் சிறு துண்டுகளாகவும் உருவாகின்றன. ‘எதிரிணை’யைக் கொண்டு இந்தக் காரணத்தைச் சொல்ல முயன்றால் ஒரு வாக்கியம் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும்.

கடைசியாக, எல்லாச் சோடியும் நிரப்பிணை ஆகாது. ஆர்.என்.ஏ.யில் குவானினோடு, தைமினின் இடத்தில் வரும் யுராசில் சேர்வதுண்டு. ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்று காரங்களின் தொகுதியான கோடானின் மூன்றாம் இடத்தில் இத்தகைய தளர்வுக்கு இடம் இருப்பதை 1966இல் கிரிக் விளக்கினார். அதை ‘நெகிழ்விணை’ எனலாம். படியெடுக்கும்போது தவறி நேரும் சோடியை, எடுத்துக்காட்டாக டி.என்.ஏ.யில் குவானினுக்கு எதிரே தைமின் வந்துவிடுவதை, ‘பொருந்தா இணை’ என்று தனியாகக் குறிக்க வேண்டும். செல் முன்னதை அப்படியே பயன்படுத்திக்கொள்கிறது, பின்னதைத் தேடித் திருத்துகிறது.