பம்ப் மார்க்கரை விரும்பி எடுப்பவர்களுக்கு அதில் என்ன கிடைக்கிறது?

கேட்டவர்: ஈரமண்

அனைவருக்கும் வணக்கம். நிறக்கூழ் நிரம்பிய குண்டுகளால் எதிரணியினரைச் சுட்டு வெளியேற்றும் பெயிண்ட்பால் ஆட்டத்தை இரண்டு ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். தொடக்கத்திலிருந்தே என் கையில் எலக்ட்ரானிக் மார்க்கர்தான், அதாவது மின்சாரத்தின் துணையோடு வேகமாகச் சுடும் பெயிண்ட்பால் துப்பாக்கி. சென்ற ஞாயிற்றுக்கிழமை எதிரணியில் ஒருவர் பம்ப் மார்க்கருடன் வந்திருந்தார். ஒவ்வொரு குண்டுக்கும் முன்கைப்பிடியைப் பின்னால் இழுத்து, மறுபடி முன்னால் தள்ளி, அதன்பிறகே டிரிகரை அழுத்த வேண்டிய கருவி அது. என் மார்க்கரின் ஹாப்பரில், அதாவது மேலே மாட்டிய குண்டுக் கலத்தில், 200 குண்டுகள் இருந்தன. அவருடைய குழாயில் 10 மட்டுமே கொள்ளும் என்பதை ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் அவர் பதுங்கியிருப்பதாக எண்ணி, அதன் மேல்விளிம்பு முழுவதும் மஞ்சளாகும்வரை நான் சுட்டுக்கொண்டிருந்தபோது, இடப்பக்கத்துப் புதரிலிருந்து வந்த ஒரே ஒரு குண்டு என் விலாவில் உடைந்தது. அந்த மரத்தை விட்டு அவர் எப்போதோ நகர்ந்திருக்கிறார். அடுத்த இரண்டு ஆட்டங்களிலும் ஏறக்குறைய இதுவேதான் நடந்தது.

வேகமான கருவிகள் எளிதாகக் கிடைக்கும் காலத்தில் சிலர் ஏன் இதைத் தேடி எடுக்கிறார்கள்? குறி துல்லியமாக அமைகிறதா, பெயிண்ட் செலவைக் குறைக்கவா, அல்லது பழம்பொருள்மீது உள்ள பற்றுதானா? அந்த மனிதரிடமே கேட்டிருக்கலாம். தோற்றவுடன் போய்க் கேட்கக் கூச்சமாக இருந்தது.


பதில்: நெடுங்குழல்

ஈரமண் அவர்களுக்கு வணக்கம். உங்கள் கேள்விக்கான விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டீர்கள். நீங்கள் சுட்டுக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் நடந்துகொண்டிருந்தார்.

எலக்ட்ரானிக் மார்க்கர் வைத்திருப்பவர், எதிராளி தலையை நீட்டக்கூடிய இடத்தில் இடைவிடாமல் குண்டுகளைப் பொழிந்து, அவரை அசையவிடாமல் வைத்திருக்கலாம். பம்ப் வைத்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. அவர் நல்ல கோணத்தைத் தேடிப் போயே ஆக வேண்டும். போவதற்கு முன் எதிராளி எந்தப் பக்கம் பார்க்கிறார், எப்போது ஹாப்பரை நிரப்பக் குனிகிறார், அவருக்குத் துணை யார் என்பதையெல்லாம் கவனித்தாக வேண்டும். நான் பத்தாண்டுகளாகப் பம்ப் வைத்து விளையாடுகிறேன். என்னைக் கேட்டால், இந்தக் கருவியில் சுடுவது ஆட்டத்தின் மிகச் சிறிய பகுதி. அதுவரை நடக்கும் ஊர்தலும் காத்திருப்பும்தான் எனக்குப் பிடித்தவை.

பழம்பொருள் பற்று என்று நீங்கள் குறிப்பிட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த விளையாட்டே ஒவ்வொரு குண்டாகச் சுடும் கருவியில்தான் பிறந்தது. வெட்ட வேண்டிய மரங்களையும் பிரிக்க வேண்டிய மாடுகளையும் தொலைவிலிருந்து அடையாளமிடுவதற்காக நெல்சன் பெயிண்ட் நிறுவனத்துக்காக டெய்சி நிறுவனம் தயாரித்த நெல்ஸ்பாட் 007 என்னும் கைத்துப்பாக்கியை வைத்து, 1981 ஜூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹென்னிக்கர் காட்டில் 12 பேர் முதல் ஆட்டத்தை ஆடினார்கள். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும், குண்டைக் குழலுக்குள் தள்ளும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய கருவி அது. களத்தில் வைத்திருந்த அடையாளக் கொடிகள் அனைத்தையும் சேகரித்து வென்றவர் ரிச்சி வைட் என்ற வனத்துறைக்காரர். அவர் அன்று ஒரு குண்டுகூடச் சுடவில்லை. காட்டில் சத்தமின்றி நடக்கத் தெரிந்தவருக்கு அதற்கு அவசியமே ஏற்படவில்லை போலும்.

அந்த போல்ட்டை இழுக்கும் வேலையைச் சுலபமாக்கவே குழலின் அடியில் கைப்பிடியைப் பொருத்தினார்கள். பம்ப் என்ற அமைப்பு அப்படித்தான் பரவியது. பின்னாளில் புகழ்பெற்ற ஆட்டோகாக்கர் மார்க்கர்கூட, பட் ஆர் என்பவர் செய்த ஸ்னைப்பர் என்னும் பம்ப் மார்க்கரின் வழித்தோன்றல்தான். கை செய்துவந்த இழுப்பைக் காற்றழுத்தத்தில் இயங்கும் ஒரு சிறிய பிஸ்டனிடம் ஒப்படைத்தார்கள், அவ்வளவே. அதனால் இன்றும் ஆட்டோகாக்கரின் முன்பகுதியைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி மாட்டி, அதைத் திரும்பவும் பம்ப் ஆக்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.


பதில்: தேய்ந்த ஸ்பிரிங்

நெடுங்குழல் எழுதியதோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் துல்லியம் பற்றிய கேள்வியை அவர் தொடவே இல்லை. ஆடுகளங்களில் அதிகமாகப் பரவியிருக்கும் தவறான எண்ணமும் அதுவே என்பதால் நான் எழுதுகிறேன்.

பம்ப் மார்க்கரிலிருந்து கிளம்பும் குண்டும் உங்கள் எலக்ட்ரானிக் மார்க்கரிலிருந்து கிளம்பும் குண்டும் ஒன்றேதான்: 0.68 அங்குல விட்டம், ஏறக்குறைய 3 கிராம் எடை, ஜெலட்டின் தோல், உள்ளே நிறக்கூழ். இரண்டும் குண்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃபில் ஒரே வேக வரம்புக்குள் நிற்க வேண்டும்; பெரும்பாலான களங்களில் அது விநாடிக்கு 300 அடியோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். ஒரே குண்டு, ஒரே வேகம், ஒரே கோணம் என்றால், பின்னாலிருந்து தள்ளியது எந்த இயந்திரம் என்பது காற்றுக்குத் தெரியாது. இரண்டும் ஒரே தொலைவுதான் போகும்.

அப்படியிருந்தும் பம்ப் ஆட்டக்காரரின் குண்டுகள் கூடுதலாகக் குறியில் விழுவதற்குச் சில காரணங்கள் உண்டு. முதலாவது, சாதாரண செமி ஆட்டோமேட்டிக் மார்க்கர்களில் (ஒவ்வொரு முறை சுட்டதும் தானே அடுத்த குண்டுக்குத் தயாராகும் வகை) வாயு வால்வை அடித்துத் திறக்கும் சுத்தியலைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளவும் ஒரு பங்கு வாயு செலவாகிறது. உள்ளே கனமான பாகம் முன்னும் பின்னும் ஓடுவதால் கை சற்று அதிர்கிறது. பம்ப்பில் அந்த வேலையைக் கை செய்வதால், வெளியேறும் வாயு குண்டைத் தள்ளுவதோடு நின்றுவிடுகிறது. அடுத்தது குளிர்ச்சி. கார்பன் டை ஆக்சைடை வைத்து விரைந்து சுட்டால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும், குண்டின் வேகமும் அதனுடன் இறங்கும். இரண்டு குண்டுகளுக்கு நடுவே மூச்சு விடுகிற அளவுக்கு இடைவெளி விடுபவருக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது குண்டுக்கும் குழலுக்கும் உள்ள பொருத்தம். ஈரப்பதத்தில் குண்டுகள் ஊதிப்போகும். ஒரே பெட்டியில்கூட அளவு மாறும். பம்ப் ஆட்டக்காரர்கள் ஆட்டத்துக்கு முன் ஒரு குண்டைக் குழலின் பின்வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதைக் கவனித்திருப்பீர்கள். தானாகவே உருண்டு வெளியே விழுந்தால் குழல் அகலம். எவ்வளவு ஊதியும் அசையாவிட்டால் குறுகல். லேசாக ஊதியவுடன் நழுவிப் போனால் சரி. எலக்ட்ரானிக் மார்க்கருக்கும் இதே சோதனை பொருந்தும். ஆனால் விநாடிக்கு 10 குண்டு சுடுபவருக்கு ஒன்று விலகிப் போனால் கவலையில்லை என்பதால், அவர் இதற்காக மெனக்கெடுவது அரிது. 10 குண்டுதான் மொத்தமே என்றால், ஒவ்வொன்றையும் துடைத்து, நீள்வட்டமாகிப் போனதை ஒதுக்கி, நல்லதாகப் பார்த்து நிரப்பத் தோன்றும். துல்லியம் என்று நாம் பார்ப்பதில் பெரும்பகுதி இந்தப் பொறுக்கியெடுக்கும் புத்திதான்.


பதில்: எதிர்க்கரை

மாற்றுக் கருத்தும் இங்கே பதிவாக வேண்டும் என்று நினைக்கிறேன். நானும் ஓராண்டு பம்ப் வைத்திருந்தேன், பிறகு விற்றுவிட்டேன். மரங்களும் புதர்களும் உள்ள களத்தில் நண்பர்கள் சொல்வதெல்லாம் நடக்கும். ஆனால் காற்றடைத்த பங்கர்கள் (பதுங்குவதற்கான தடுப்புகள்) நிற்கும் சிறிய திறந்த களத்தில், ஆட்டம் தொடங்கிய முதல் மூன்று விநாடிகளிலேயே ஓடுபாதை முழுவதும் குண்டுகளால் மூடப்பட்டுவிடும். அங்கே நடந்து போய்க் கோணம் பிடிப்பதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அணியாக ஆடும்போது, கூட்டாளி முன்னேறுவதற்காக எதிராளியைத் தலைகுனிய வைக்கும் பொறுப்பு யாராவது ஒருவருக்கு இருக்கும். அந்தப் பொறுப்பைப் பம்ப் வைத்திருப்பவர் ஏற்க முடியாது. ஆகவே அவருடைய ரசனைக்கான விலையை அணியில் உள்ள மற்றவர்கள் தருகிறார்கள். இதைவிட எனக்கு எரிச்சல் தந்தது சிலருடைய நடை. தாங்கள் மட்டுமே திறமையால் ஆடுவதாகவும், மற்றவர்கள் பெயிண்டை வாரி இறைப்பதாகவும் பேசுவார்கள். வேகமாகச் சுடுவதற்கும், ஓடிக்கொண்டே ஓர் இடைவழியை அடைத்துச் சுடுவதற்கும் பயிற்சி வேண்டாமா?

எல்லோரும் பம்ப் வைத்து ஆடும் நாள்களில் மட்டும் நான் இரவல் வாங்கிக்கொண்டு போவதுண்டு. அது வேறு மாதிரி ஆட்டம். எதிராளியின் கைப்பிடி எழுப்பும் சடக் ஒலி காதில் விழும். அடுத்த குண்டுக்கு அவர் தயாராகிவிட்டார் என்று அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். அந்த நாள்களை நான் ரசித்ததை மறைக்கவில்லை.


பதில்: நெடுங்குழல்

எதிர்க்கரை அவர்கள் திறந்த களத்தைப் பற்றிச் சொன்னது உண்மை. அங்கே நானும் பம்ப் எடுத்துப் போக மாட்டேன். நடையைப் பற்றிய குறையையும் ஏற்கிறேன், எங்கள் கூட்டத்தில் அப்படிச் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். அணிக்குச் சுமை என்பதை மட்டும் முழுமையாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. தொடர்ந்து சுடுபவர் இருக்கும் இடத்தை எதிரணி முழுவதும் ஒலியை வைத்தே அறிந்துவிடும். ஒற்றைக் குண்டு எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கடினம். சுடுபவர் ஒருவர் ஓரிடத்தில் நின்று கவனத்தை ஈர்க்க, பம்ப் வைத்திருப்பவர் ஓரமாகப் போவது நல்ல கூட்டணியே.


கேட்டவர்: ஈரமண்

இவ்வளவு விரிவான பதில்களை நான் எதிர்பார்க்கவில்லை, மூவருக்கும் நன்றி. களத்தில் ஒருவர் தம்முடைய பம்ப் மார்க்கரை ஒரு நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் இரண்டு வகை உள்ளன: ஒன்றில் மேலே ஹாப்பர் மாட்டலாம், மற்றதில் குழலுக்கு இணையாகப் படுத்த குழாயில் 10 குண்டுகளும், 12 கிராம் வாயுக் குப்பி ஒன்றும் மட்டும். முதல் முறை எதை எடுப்பது?


பதில்: தேய்ந்த ஸ்பிரிங்

முதல் முறைக்கு ஹாப்பர் வைத்ததையே எடுங்கள். இரண்டாவது ஸ்டாக் கிளாஸ் என்னும் வகை. அதில் குண்டு தானாக விழாது. மார்க்கரை முன்னோ பின்னோ சாய்த்து உருட்டிவிட்டு, அதன்பிறகு இழுக்க வேண்டும். ஒரு குப்பியில் சுமார் 30 குண்டுகள் சுடலாம். அதன்பின் ஒதுங்கிப் போய்க் குப்பியை மாற்ற வேண்டும். அந்தச் சிரமத்துக்காகவே அதை விரும்புபவர்கள் உண்டு, நானும் அதில் சேர்த்தி. ஆனால் இழுக்கவே பழகாத கைக்குச் சாய்ப்பதையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பது கொடுமை.

ஒரே ஒரு எச்சரிக்கை: கைப்பிடியைக் கடைசிவரை இழுத்துக் கடைசிவரை தள்ளுங்கள். பாதியில் திருப்பினால், முழுதாக உள்ளே இறங்காத குண்டை போல்ட் வெட்டி நசுக்கிவிடும். சுட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இரண்டாவது தடவை இழுத்தால், இரண்டு குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிவிடும். சில மார்க்கர்களில் டிரிகரை அழுத்திப் பிடித்தபடியே கைப்பிடியை இயக்கினால் ஒவ்வொரு தள்ளலுக்கும் ஒரு குண்டு போகும். ஆட்டோ டிரிகர் என்பார்கள். அதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.


கேட்டவர்: ஈரமண்

நேற்று ஆடிவிட்டு வந்தேன். எச்சரிக்கையையும் மீறி முதல் ஆட்டத்தில் பாதி இழுத்துத் தள்ளினேன். உள்ளே குண்டு நசுங்கி, குழல் முழுவதும் பிசுபிசுப்பு. அதன்பிறகு சுட்ட நான்கும் நான்கு திசையில் போயின. குழல் துடைப்பானை எடுத்து வரவில்லை என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டாவது ஆட்டத்தில் யாரையும் வீழ்த்தாமலே ஆட்டமிழந்தேன்.

மூன்றாவது ஆட்டத்தில் ஓர் எலக்ட்ரானிக் மார்க்கர்காரர், நான் இருப்பதாக நினைத்த ஒரு பீப்பாயை விடாமல் சுட்டுக்கொண்டிருந்தார். நான் அங்கிருந்து தவழ்ந்து, அவருடைய வலப்பக்கத்துக்கு வந்து சேர ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும். முழங்கைகளில் மண், முகக்கவசத்துக்குள் மூச்சின் ஈரம். இருபது அடி தொலைவில் அவர் முழங்கால் தெரிந்தது. கைப்பிடியை ஓசையெழாமல் இழுக்க வேண்டும் என்று அவ்வளவு மெதுவாக இழுத்தேன். கடைசியில் சடக்கென்று ஒலித்தே விட்டது. அவர் தலையைத் திருப்பினார். அதற்குள் சுட்டுவிட்டேன், குண்டு அவருடைய காலணியில் உடைந்தது.

வெளியே வந்தவர் என் கையிலிருந்ததைப் பார்த்து, "ஒரே குண்டா?" என்று கேட்டார். ஆம் என்றேன். இந்த மார்க்கர் எங்கே கிடைக்கும் என்று அடுத்துக் கேட்டார். எனக்கே இரவல்தான் என்பதைச் சொல்ல வேண்டியதாயிற்று.