முட்டத்துல 140 படம், ஒண்ணுகூட தேறல: அந்திச் சூரியனும் நம்ம கேமராவும்

தக்கலைக்காரன்:

போன தை மாசம் முட்டம் போயிருந்தேன். கையில மச்சான் துபாய்ல இருந்து கொண்டுவந்து தந்த டிஎஸ்எல்ஆர், கூடவே வர்ற 18-55 மில்லிமீட்டர் 'கிட்' லென்ஸ். கலங்கரை விளக்கத்துப் பக்கம் பாறையில ஏறி நின்னா சூரியன் தென்மேற்கே கடலுக்கு மேல தொங்குது. வானம் செங்கல் சூளைக்குள்ள எட்டிப் பார்த்த மாதிரி. 140 படம் எடுத்தேன், அத்தனையும் ஆட்டோ. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டா சூரியன் இருந்த இடத்துல வெள்ளையா ஒரு ஓட்டை, சுத்தி வெளிறிப்போன மஞ்சள். "இதுக்கா அவ்வளவு நேரம் பாறையில நின்னீங்க?"ன்னு வீட்டுல கேட்டா. அவ போன்ல எடுத்தது என்னோடதைவிட நல்லா இருந்தது. அதைத்தான் தாங்க முடியல.

ஏன்னு பிறகுதான் புரிஞ்சுது. கேமராவுக்குள்ள வெளிச்சத்தை அளக்கிற மீட்டர், எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கருப்புப் பாறை பாதிப் படத்தை அடைச்சு நின்னா, ஐயோ இருட்டுன்னு வெளிச்சத்தைக் கூட்டும், வானம் வெளுத்துப்போகும். சூரியனே நடுவுல வந்து உட்கார்ந்தா நேர்மாறு, எல்லாத்தையும் கருக்கிடும். அது அந்தியையும் அறியாது, பாறையையும் அறியாது. என் படங்கள்ல பாறைதான் பாதி.

ரெண்டாவது தடவை ஏவி மோடு (லென்ஸ் துவாரத்தை நாம வைப்போம், ஷட்டர் நேரத்தைக் கேமரா பார்த்துக்கும்), துவாரம் எஃப் 8, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100. சூரியனைப் படத்துக்கு வெளியே தள்ளி, பக்கத்து வானத்தை மட்டும் காட்டி அளந்து, எக்ஸ்போஷரை, அதாவது அளந்த வெளிச்சத்தைப் பூட்டுற பொத்தானை விடாம அமுக்கிக்கிட்டே மறுபடி சூரியன் பக்கம் திருப்பினேன். ஷட்டர் 1/200 வினாடி வந்தது. பாறை கன்னங்கரேல்னு, வானம் நான் கண்ணால பார்த்த அதே சிவப்பு. இதுக்குச் சோம்பல்பட்டா வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1-ல வச்சு ஒண்ணு, மைனஸ் 2-ல ஒண்ணு எடுத்துக்கலாம்.

உங்க கதையைச் சொல்லுங்க. செட்டிங் மட்டும் போதாது, எங்க நின்னீங்க, என்ன சொதப்பினீங்கன்னும் சொல்லணும்.

நாகர்கோவில், கல்யாணப் படம் எடுக்கிறவன்:

அண்ணாச்சி, நீங்க நிறத்தைச் சரிபண்ற ஒயிட் பேலன்ஸைச் சொல்லவே இல்லியே. நான் தொழிலுக்கு வந்த முதல் வருஷம் அதுலதான் அடி வாங்கினேன். ஆட்டோவில விட்டா கேமரா அந்தி வெளிச்சத்தை ஏதோ குண்டு பல்பு எரியுதுன்னு நினைச்சுக்கும். கொஞ்சம் நீலத்தைக் கலந்து எல்லாத்தையும் 'சரி' பண்ணிடும். நாம அந்த மஞ்சளுக்காகத்தானே போறோம்? டேலைட்ல வையுங்க, 5500 கெல்வின் பக்கம். இன்னும் சூடு வேணும்னா கிளவுடி. ஷேடுக்குப் போனா கடலே காவி வேட்டி கட்டின மாதிரி ஆயிடும், எனக்குப் பிடிக்காது. கேமரா பதப்படுத்தாத 'ரா' (RAW) பைலா எடுத்தா நிறத்தை வீட்டுல மாத்திக்கலாம், ஆனா எரிஞ்சுபோன வெளிச்சத்தை மீட்க முடியாது.

அந்த எரியுற விஷயத்துலயும் ஒரு சூது இருக்கு. சாதா ஹிஸ்டோகிராமை (இருட்டை இடதுலயும் வெளிச்சத்தை வலதுலயும் காட்டுற வரைபடம்) பார்த்து எல்லாம் பத்திரம்னு நினைச்சிருப்போம், சிவப்பு மட்டும் தனியா முட்டி நிற்கும். அந்தி வானத்துல சிவப்புதான் முதல்ல நிரம்பும். மூணு நிறத்தையும் தனித்தனியாக் காட்டுற ஹிஸ்டோகிராமைத் திறந்து வையுங்க. சிவப்பு வலது ஓரத்துல இடிச்சா இன்னும் அரை ஸ்டாப் குறைங்க (ஒரு ஸ்டாப் குறைச்சா வெளிச்சம் பாதியாகும்).

சங்குத்துறைக் கடற்கரையில ஒரு ஜோடியை நிறுத்தி வானத்துக்கு அளந்து எடுத்தேன். ரெண்டு பேரும் நிழலுருவம், எனக்குப் பரம திருப்தி. ஆல்பம் பார்த்த பொண்ணோட அம்மை, "படம் நல்லாத்தான் இருக்கு மக்கா, எம் பிள்ளை மொகத்தக் காணலியே"ன்னுட்டாங்க. அதுல இருந்து ரெண்டு விதமாவும் எடுக்கிறேன். முதல்ல எல்லாத்தையும் நாமளே வைக்கிற மேனுவல் மோடுல வானத்துக்குச் சரியா வச்சுக்கிடணும். ஷட்டர் 1/200-ஐத் தாண்டக் கூடாது, என் கேமராவுல பிளாஷ் அதுக்கு மேல ஒத்துப்போகாது. பிறகு பிளாஷைக் குறைச்சு முகத்துக்கு மட்டும் ஒரு தட்டு. பிளாஷ் வெளிச்சம் வெள்ளையா இருக்கும், அந்தியோட சேராது. அதுக்கு மேல ஆரஞ்சுக் கண்ணாடித்தாள் ஒரு துண்டு ஒட்டிட்டா சேர்ந்துடும்.

ஈத்தாமொழி:

என்கிட்ட போன் மட்டும்தான். சொத்தவிளைக் கடற்கரையில நிக்கும்போது திரையில வானத்தைத் தொட்டு அப்படியே அழுத்திப் பிடிச்சா பூட்டுச் சின்னம் வரும், விரலைக் கீழே இழுத்தா வெளிச்சம் குறையும். இவ்வளவுதான். ஜூம் பண்ணாதீங்க. முக்கியமா, எண்ணெய்க் கையோட பழம்பொரி தின்னுட்டு லென்ஸைத் தொட்டா சூரியனைச் சுத்திக் கோடு கோடா வரும். என் அனுபவம்.

குளச்சல், வள்ளக்காரன் மகன்:

நீங்க எல்லாரும் கேமராவைப் பேசுதீங்க, வானத்தைப் பேசுங்க மக்கா. எங்க அப்பா நாலு மணிக்கே மேக்க பார்த்துட்டு இன்னைக்குச் செவக்கும், செவக்காதுன்னு சொல்லிடுவாரு. ஆனி, ஆடியில கச்சான் காத்து, அதான் மேல்காத்து, அடிக்கும்போது மேகம் கருங்கல் சுவர் மாதிரி நிக்கும், சூரியன் அதுக்குள்ள போய் அப்படியே காணாமப் போயிடும். ஐப்பசி, கார்த்திகையில மழை விட்ட மறுநாள்தான் நாள். காத்துல இருந்த தூசி எல்லாம் கழுவிப் போயிருக்கும், உயரத்துல பஞ்சு பிச்சுப் போட்ட மாதிரி மேகம் இருக்கும், கீழ்வானம் திறந்து கிடக்கும். அன்னைக்குச் சூரியன் முழுகின உடனே கேமராவைப் பைக்குள்ள வச்சவன் தோத்தான். பத்து நிமிஷம் பொறுத்தா அடியில இருந்து வெளிச்சம் ஏறி மேகம் மொத்தமும் பத்திக்கும். அப்ப எஃப் 8-ல 1/8 வினாடி பக்கம் வந்துடும், கையில பிடிச்சா ஆடும், முக்காலி வேணும். முக்காலியில வச்சா லென்ஸ்ல ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசேஷனை அணைச்சிடுங்க. ஒரு வினாடி வரைக்கும் இழுத்தா அலை பால் மாதிரி வழியும்.

என் சொதப்பல் இது. கடலுக்குள்ள கல் போட்டுக் கட்டின தூண்டில் வளைவு மேல நின்னு எடுத்துக்கிட்டு இருந்தேன். உப்புச் சாரல் லென்ஸ்ல படிஞ்சது, கட்டியிருந்த கைலியால துடைச்சேன். உப்புப் பரலும் மணலும் சேர்ந்து, லென்ஸ் முன்னால மாட்டியிருந்த யுவி பில்டர் கண்ணாடியில வட்ட வட்டமாக் கீறிட்டு. முதல்ல ஊதணும், பிறகு லேசா ஈரமான மெல்லிய துணியால ஒத்தணும், தேய்க்கக் கூடாது. இன்னொண்ணு, சூரியன் படத்துக்குள்ள இருக்கும்போது அந்த யுவி பில்டரைக் கழத்திடுங்க. இல்லேன்னா கடல்ல பச்சையா ரெண்டாவது சூரியன் ஒண்ணு மிதக்கும். முக்காலிக் காலை வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில கழுவுங்க.

கன்னியாகுமரி, விடுதியில் வேலை பார்ப்பவன்:

வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறாங்க, "வள்ளுவர் சிலைக்குப் பின்னால சூரியன் மறையுற மாதிரி எங்கே நின்னு எடுக்கணும்?" கரையில எங்கே நின்னாலும் கிடைக்காதுங்க! சிலை கரைக்குக் கிழக்கே கடல்ல இருக்கு. பீடத்தோட சேர்த்து 133 அடி உருவம் கருப்பா நிக்க, பின்னால சிவப்பா வட்டம் தெரியுற படம் எல்லாம் காலையில எடுத்தது. அதைப் போட்டுட்டு அஸ்தமனம்னு எழுதிடுறாங்க. ஒருத்தர் என்கிட்ட சண்டைக்கே வந்துட்டாரு, நான்தான் தப்பான திசையில அறை குடுத்தேன்னு.

மறையுறதைப் பார்க்கிற இடம் ஊருக்கு மேற்கே, கோவளம் போற பக்கம். அங்கேயும் எல்லா மாசமும் கடலுக்குள்ள இறங்காது. மார்கழி, தையில தென்மேற்கே சாயும், கடல் சுத்தமாக் கிடைக்கும். ஆனி பக்கம் வடமேற்கே ஒதுங்கிக் கரைப்பக்கம் தென்னைக்குப் பின்னால போயிடும். நேரமும் மாறும்: நவம்பர்ல 6 மணி வாக்கில, ஜூலையில 6:40 வாக்கில. சித்திரைப் பௌர்ணமிக்கு மேற்கே சூரியன், கிழக்கே நிலான்னு கூட்டம் அலைமோதும். சூரியனுக்கு வச்ச செட்டிங்கோட அப்படியே கிழக்கே திரும்பாதீங்க, படம் இருட்டா வரும். அந்தப் பக்கத்து வானத்தைத் தனியா அளக்கணும்.

விடுதியில வேலை செய்யுறதால ஒண்ணு சொல்றேன். ஏசி அறையில கிடந்த கேமராவை நேரா கடற்கரைக்குக் கொண்டுபோனா லென்ஸ் மூச்சு விட்ட மாதிரி மங்கிடும். அரை மணி முன்னாடியே பையோட வெளித் திண்ணையில வச்சிடுங்க.

மணக்குடி, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

தம்பிமார் சொன்னதில் பிழை இல்லை. சூரியன் படத்தில் ஏன் கடுகாகத் தெரிகிறது என்பதை மட்டும் சேர்க்கிறேன், நானும் இதில் வருந்தியவன். சூரியன் நம் கண்ணுக்கு அரை டிகிரி அகலம்தான். லென்ஸின் குவியத் தொலைவை (லென்ஸில் 18, 55 என்று எழுதியிருக்கும் எண்) நூறால் வகுத்தால், படம் பதியும் சென்சாரில் விழும் சூரியனின் அளவு ஏறக்குறைய வந்துவிடும். 18 மில்லிமீட்டரில் அது 0.2 மில்லிமீட்டர்கூட இல்லை. 300-இல் 3 மில்லிமீட்டர். நம் சாதாரண டிஎஸ்எல்ஆர் சென்சாரின் உயரம் 15 மில்லிமீட்டர் என்றால், ஐந்தில் ஒரு பங்கு. தக்கலைக்காரர் கிட் லென்ஸோடு பெரிய சூரியனைத் தேட வேண்டாம். அதற்கு வானமும் பாறையும் போதும்.

நான் 300 மில்லிமீட்டர் லென்ஸை வைத்துக்கொண்டு மணக்குடிப் பாலத்தில் நிற்பேன். பழைய பாலத்தை 2004 சுனாமி அடித்துக்கொண்டு போயிற்று. பழையாறு கடலில் சேரும் இடம், வள்ளங்கள் குறுக்கே போகும். ஆட்டோஃபோகஸ் சூரியனைப் பார்த்தால் முன்னும் பின்னும் தடுமாறும். ஆகவே தொடுவானத்து விளிம்பில் குவித்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுவேன். நீண்ட லென்ஸ் மாட்டிய கேமராவின் ஒளிவழி வியூஃபைண்டரில் கண்ணை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒருநாள் அப்படிப் பார்த்துவிட்டு இரவு வரை கண்ணுக்குள் பச்சை வட்டம் ஓடியது. பின்திரையில் பாருங்கள். அதையும் வட்டம் நன்றாகச் சிவந்து மங்கிய பிறகே செய்யுங்கள், சென்சாருக்கும் அதுதான் நல்லது.

விளிம்பு நீரைத் தொட்டதிலிருந்து முழுதும் மறைய நம் ஊரில் இரண்டு, இரண்டரை நிமிடம்தான். நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் ஏறக்குறைய செங்குத்தாக விழுகிறது. குளிர்நாட்டுக்காரர் காணொளியைப் பார்த்து நெடுநேரம் கிடைக்கும் என்று நம்பி, ஒருமுறை மெனுவைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது கடல் மட்டுமே இருந்தது.

தக்கலைக்காரன்:

சார், அந்த நூறால வகுக்கிற கணக்கு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு 55-ல வச்சு அவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டேன். லென்ஸ் வாங்கணும்னு வீட்டுல சொன்னா அடுத்த சண்டை, அதனால வானமும் பாறையுமே போதும்.

வர்ற சனிக்கிழமை சங்குத்துறை போறேன். டேலைட், எஃப் 8, ஐஎஸ்ஓ 100 எல்லாம் வீட்டுலயே வச்சுட்டுத்தான் கிளம்புவேன். இருட்டின பிறகும் நிக்கப்போறதால யாராவது வர்றதா இருந்தா டார்ச் கொண்டு வாங்க. போன தடவை மணல்ல விழுந்த லென்ஸ் மூடி இன்னும் அங்கனதான் கிடக்கு.