ஆலிகேட்ஸ் கேசட்டைச் சரிசெய்து தருபவர் சிங்கப்பூரில் உண்டா?

வணக்கம். பதின்ம வயதில் நான் உயிராய்க் கேட்ட பினாங்கு ஆலிகேட்ஸ் இசைக்குழுவின் பாடல்களை என் அண்ணன் 1986இல் வானொலியிலிருந்து பதிவு செய்து தந்த கேசட் இப்போது சரியாக ஓடவில்லை. டேவிட் ஆறுமுகமும் 2007இல் மறைந்த லோகநாதன் ஆறுமுகமும் பாடியவற்றை இணையத்தில் தாராளமாகக் கேட்கலாம். ஆனால், பாட்டுக்குப் பாட்டு நடுவே அண்ணன் பேசியிருப்பது இந்த ஒரு நாடாவில்தான் இருக்கிறது. அவர் இப்போது எங்களோடு இல்லை.

இது 90 நிமிட சாதாரண வகைக் கேசட். சென்ற தீபாவளிக்குப் பிறகு இரண்டு பக்கங்களிலும் ஒலி அமுங்கி, சில இடங்களில் அடியோடு நின்றுவிடுகிறது. கேசட்டின் வாய்ப்பகுதியில் நாடாவைப் பிளேயரின் ஹெட்டோடு (ஒலியைப் படிக்கும் பகுதி) அழுத்திப் பிடிக்கும் சிறு பஞ்சுத் துண்டு கழன்று விழுந்து, வெறும் உலோகத் தகடு மட்டும் தெரிகிறது. கேசட்டின் பிளாஸ்டிக் கூடு திருகாணி இல்லாமல் ஒட்டப்பட்ட வகை என்பதால், உடைக்காமல் திறக்க வழியில்லை.

ஹெட்டையும் உருளையையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டேன். மற்ற கேசட்டுகள் அதே பிளேயரில் நன்றாகப் பாடுகின்றன. இதை வேறு பிளேயரில் போட்டாலும் அதே நிலைதான். ஜாலான் புசார் பக்கம் விசாரித்த கடையில் பிளேயரை மட்டுமே பழுதுபார்ப்பார்களாம். பழைய பொருள்கள் விற்ற சுங்கை ரோடு சந்தையும் 2017இல் மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டுக்கு அஞ்சலில் அனுப்ப எனக்குத் துணிவில்லை.

சிங்கப்பூரிலோ ஜொகூர் பாருவிலோ, இந்த நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றிக் கணினியில் பதிவு செய்து தரக்கூடியவர் யாரையேனும் உங்களுக்கு நேரடியாகத் தெரியுமா?