புதுப்பிப்பு: பயணத்தில் வீட்டு டிவி, இப்போது ஓடுகிறது

நியூஜெர்சி வீட்டு ஆன்டெனா சேனல்களைப் பயணத்தின்போது லேப்டாப்பில் பார்க்க வழி கேட்டிருந்தேன் அல்லவா? நீங்கள் சொன்னபடியே ஆன்டெனா சேனல்களை வீட்டு நெட்வொர்க்குக்குத் தரும் எச்டிஹோம்ரன் டியூனரை ரவுட்டரில் இணைத்து, பழைய கணினியில் பிளெக்ஸ் (வீட்டு வீடியோவை இணையம் வழியே வெளியிலிருந்து பார்க்க உதவும் மென்பொருள்) போட்டேன். நேரலைக்கு பிளெக்ஸ் பாஸ் சந்தா வேண்டும், கட்டிவிட்டேன்.

சிகாகோ ஓட்டலில் முதல் நாள் படம் திக்கித் திக்கி வந்தது. ஓட்டல் வைஃபை சரியில்லை என்று நினைத்தேன். கோளாறு வீட்டில். நமக்கு இங்கே டவுன்லோடு என்றால் வீட்டுக்கு அது அப்லோடு. எங்கள் இணைப்பில் அப்லோடு 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) தான். ஏடிஎஸ்சி 1.0 (அமெரிக்க ஆன்டெனா டிவியின் ஒளிபரப்பு முறை) அலைவரிசை ஒன்றோ 19 எம்பிபிஎஸ் வரை சுமக்கும். அப்படியே அனுப்பினால் எப்படிப் போகும்? பிளெக்ஸில் படத் தரத்தை 720பி, 4 எம்பிபிஎஸ் என்று குறைத்தேன். அப்புறம் போனில்கூடத் தடங்கலே இல்லை!

கிளம்புமுன் பிளெக்ஸ் ஓடும் வீட்டுக் கணினி தானாக ஸ்லீப் ஆகாதபடி மாற்றிவிடுங்கள்.